தொண்டியில் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சேர்ந்து வாசித்தோம்

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை ஆசையோடு வாங்கி, ஐம்பது அறுபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். யார் பேசுகிறார், எங்கே நடக்கிறது, எந்த ஆண்டு என்று பிடிபடவில்லை என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த நாவலைத் தனியாக, மௌனமாக வாசிப்பதால் வரும் சிக்கல் அதில் பாதிக்கு மேல் என்பது என் அனுபவம். தொண்டியில் அதை உரக்க, கூட்டமாக, வீடுகளில் கிடந்த பழைய கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தோம். வாசித்த முறையைச் சொன்னால், கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ பாம்பனிலோ நாலு பேர் இதே வேலையைத் தொடங்கக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன்.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். அந்த ஊர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும், 1985-இல் பிரிக்கப்படும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1938-இல், மீசை அரும்பும் வயதில், சுமத்ராவின் மெடான் நகருக்குக் கடை வேலைக்குப் போனார். அப்போது அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த நாடு. போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அதன் வீழ்ச்சியையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு 1946-இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் நீண்ட காலம் வேலை பார்த்தார். எழுதிய நாவல்கள் இரண்டே: 1959-இல் வெளியான ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் வெளியான ‘புயலிலே ஒரு தோணி’. 1997-இல் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த வாசகர்கள் மிகச் சிலர் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எங்கள் கரைக்கு இந்த நாவல் அந்நியமானது அல்ல. தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம் என்று எந்த ஊருக்குப் போனாலும் பினாங்குக்கோ கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போன ஒருவராவது இல்லாத தெரு கிடையாது. அக்கரைச் சீமைக்குப் போனவர்களைச் ‘சபராளி’ என்று சொல்லும் வழக்கம் முஸ்லிம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்த நாவலைப் பேச்சுக்கு எடுக்க ஒருவரும் இல்லையே என்றுதான் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினோம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலுக்குப் போகிறவர்கள் அப்போதுதான் மாலை வேளையில் கரையில் இருப்பார்கள். பள்ளிகளுக்கும் அதில் ஒரு பகுதி கோடை விடுமுறை. ஒரு நண்பர் வீட்டு மாடியில் அஸ்தமனத் தொழுகை முடிந்த பிறகு கூடினோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதால் முதலில் வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். விரைவிலேயே அதை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டேன். ஒருவரே வாசித்தால் அது வகுப்பாகிவிடும், கேட்கிறவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள்.

‘கடலுக்கு அப்பால்’ நாவலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நாவலுக்கு நேராகப் போக வேண்டும் என்று வாதாடும் இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. சின்ன நாவல் நேரான கதை. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் முதலாளி வானாயீனா, அவர் மகள் மரகதம், கடையில் வேலை பார்த்த செல்லையா. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்புகிறான். பட்டாளத்துக்குப் போனவன் இனி லேவாதேவித் தொழிலுக்கு ஆக மாட்டான் என்று வானாயீனா முடிவு கட்டுகிறார். அவர் கெட்டவரும் அல்ல. தான் கண்ட உலகத்தின் கணக்குப்படி சரியாகவே யோசிக்கிறார். கடையின் ஒழுங்கு என்ன, அடுத்தாள் யார், பெட்டியடிப் பையன் யார், மூன்றாண்டுக் கணக்கு என்பது எப்படி நடக்கும் என்பதெல்லாம் இந்த நாவலில் கதையோடு கதையாகப் புரிந்துவிடும். அதன் பிறகு ‘புயலிலே ஒரு தோணி’க்குள் போனால் அதன் நாயகன் பாண்டியன் எங்கிருந்து கிளம்பியவன் என்பது சொல்லாமலே விளங்கும்.

அடுத்தது சுவரில் ஒட்ட ஒரு வரைபடம். பள்ளி அட்லஸைப் பெரிதாக நகலெடுத்தால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒரு கோடு. மெடானின் துறைமுகமான பெலவானிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்கு ஒரு கோடு. இந்த இரண்டாவது கோட்டை ஒரு பையன் அளந்து பார்த்தான். “சார், நாகப்பட்டினத்திலிருந்து வருகிற தூரத்துக்கு இது ஒன்றுமே இல்லையே!” என்றான். அந்த ஒரு வாக்கியம் கூட்டத்துக்கே வெளிச்சம் போட்டது. டச்சு ஆட்சியில் இருந்த மெடானும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பினாங்கும் கடலில் பார்த்தால் அக்கம்பக்கம். கொடிதான் வேறு. தமிழனுக்கு இரண்டு இடத்திலும் கிடைத்த நாற்காலி ஒன்றே.

வரைபடத்தின் ஓரத்தில் சில தேதிகளையும் எழுதி வைத்தோம். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கையில். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மெடானுக்குள் ஜப்பானியப் படை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரண். இரண்டே நாளில், 17-ஆம் தேதி, இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர்கள் அதை ஏற்றுக்கொள்ள 1949 டிசம்பர் ஆனது. கதை இந்தத் தேதிகளுக்கு இடையில்தான் ஓடுகிறது. நாவலின் தொடக்கமே ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதுதான். நேற்றுவரை தெருவில் தலை நிமிர்ந்து நடந்த வெள்ளை எஜமானர்கள் அடுத்த சில வாரங்களில் முகாம்களில் அடைபடப் போகிறார்கள் என்பது தெரிந்து வாசித்தால், அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒரு தமிழனின் கண் எதைப் பார்க்கிறது என்பது புரியும்.

அர்த்தம் தெரியாத மலாய்ச் சொல்லுக்கும் டச்சுப் பெயருக்கும் நின்று அகராதி தேடாதீர்கள். ஓட்டத்தில் போய்விடுங்கள். கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. குடித்துவிட்டு நண்பர்கள் பேசும் நீண்ட பேச்சுகளை மட்டும் இரண்டு மூன்று குரல்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சங்கப் பாட்டும் சிலம்பும் தாயுமானவரும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து, தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களை வறுத்தெடுக்கும் அந்தப் பகுதிகள், கண்ணால் வாசிக்கும்போது மூச்சு முட்டும். குரல் பிரித்ததும் அவை நாடகமாகிவிட்டன. எங்கள் ஊர்ப் பேச்சாளர் ஒருவர் தாயுமானவர் வரிகளை இராகம் போட்டே சொன்னார். அவையே ஒரு நிமிடம் வேறாகிப்போனது.

நாவலில் புயல் வரும் பகுதிக்குக் கடல்காரர்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் ஏறிப் பாண்டியனும் மற்ற வியாபாரிகளும் மலாக்கா நீரிணையில் சிக்கிக்கொள்ளும் பகுதி அது. இலக்கியம் படித்தவர்கள் அந்த நடையின் வேகத்தைப் புகழ்வார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த முதியவரோ வாசித்தவரை நிறுத்தி, “சரக்கை எப்படி அடுக்கியிருந்தார்கள்? அதைச் சொன்னால் நான் மிச்சத்தைச் சொல்கிறேன்” என்றார். பாரம் சரியாக அமையாத தோணி கொண்டல் காற்றில் எப்படி ஒரு பக்கமாகவே சாயும், அலையை மூஞ்சியில் வாங்குவதற்கும் விலாவில் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கையை வைத்துக் காட்டினார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அவர் சிறுவன். அந்த இரவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தோம்.

வீட்டுப் பொருள்களைக் கொண்டுவரச் சொன்னதுதான் எங்கள் வட்டத்துக்கு உயிர் கொடுத்தது. ஒருவர் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பத்து டாலர் நோட்டைக் கொண்டுவந்தார். ஜப்பானியர் மலாயாவில் அச்சடித்தது. முகப்பில் குலை தள்ளிய வாழை மரம். ‘கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதி கூறுகிறது’ என்று ஆங்கிலத்தில் வாசகம். மலாயாவுக்கு என்பதைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்து. நோட்டு மடிப்புக் குலையாமல் புதிதுபோல் இருந்தது, ஏனென்றால் அதைச் செலவழிக்கவே முடியவில்லை. சரணாகதிக்குப் பிறகு அது வெற்றுத் தாள். அவருடைய பாட்டனார் நான்கு ஆண்டு உழைப்பை அப்படிப்பட்ட தாள்களாகத்தான் பெட்டியில் வைத்திருந்தாராம். வீட்டில் மிஞ்சியது இந்த ஒன்று. நாவலில் போர்க்கால வியாபாரமும் கைமாறும் பணமும் வரும் பக்கங்களை அந்த நோட்டை நடுவில் வைத்து வாசித்தோம். வரிக்கு வரி அர்த்தம் கூடியது.

சவூதி அரேபியாவின் தம்மாமில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். நாவல் வாசிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கிட்டங்கி வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு வந்தது: ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள், கடைக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, பகலில் கணக்கு எழுதும் அதே இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுப்பது, பொதுச் சமையல், மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை மனைவி மக்களைப் பார்க்க முடியாத ஏற்பாடு. அவர் குறுக்கிட்டு, “எங்கள் கேம்ப்பில் அடுக்குக் கட்டில். அது ஒன்றுதான் மாறியிருக்கிறது” என்றார். அன்றைக்கு மெடானுக்குப் போன பையனுக்கும் இன்றைக்கு விசா எடுக்கும் பையனுக்கும் இடையில் உள்ள தொடர்பை நான் விளக்கியிருந்தால் அது பாடமாகப் போயிருக்கும். அவர் வாயிலிருந்து வந்ததால் இளைஞர்கள் காது கொடுத்தார்கள். அன்று பேச்சு முழுக்கப் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுக்கலாமா, ஒப்பந்த நகலை வீட்டில் யாரிடம் வைத்துவிட்டுப் போவது என்ற பக்கம் திரும்பியது. நாவலை விட்டு விலகுகிறோமே என்று நான் தடுக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கூடுகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டத்தை விட்டுக்கொடுக்காமல் இழுத்துப் பிடித்தேன். அக்கரைக்குப் போனவர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள், அல்லது எல்லோரும் சாதித்தவர்கள் என்ற இரண்டு பேச்சுக்கும் சிங்காரம் இடம் கொடுப்பதில்லை. காலனி ஆட்சி என்ற ஏணியில் தமிழன் நடுப்படியில் நின்றான். மேலே துரை, கீழே தோட்டக் கூலி, கடன்பட்ட விவசாயி. தோட்டத்தில் செத்தவனும் தமிழன், கடன் பத்திரம் எழுதி வாங்கியவனும் தமிழன். பர்மாவில் உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு, 1930-களின் இறுதியில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் வட்டிக்கடைக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தைப் பறிக்க வேண்டும் என்று திட்டமிட்டுப் போனவர்கள் அல்ல. நெல் விலை சரிந்ததும் அடமானம் மூழ்கியது. ஆனால் நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? இதை நான் சொன்னபோது சிலருக்கு முகம் சுருங்கியது. பெரிய வீடுகளைக் கட்டிய பணத்தின் மறுபக்கத்தைப் பேசுவது எங்கள் பகுதியில் எளிதல்ல. இருந்தாலும் இதைப் பேசாமல் இந்த நாவலை வாசித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பாண்டியனின் அலைச்சலே, தான் செய்யும் தொழிலோடும் தன் இனத்தின் பெருமிதங்களோடும் அவன் உடன்பட முடியாததில் இருந்து பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. மது விடுதிகளும் விலைமாதர் வீடுகளும் வரும் பகுதிகளில் பெண்களைப் பற்றிய பேச்சு கரடுமுரடாக இருக்கும். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில், இன்றைக்கு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வேண்டாம் என்பவர்கள் அன்று வராமல் இருக்கலாம். நாங்களாக வெட்டி வாசிப்பதை நான் ஏற்கவில்லை. எழுத்தாளர் எழுதியதை எழுதியபடி வாசித்துவிட்டுப் பிறகு சண்டை போடலாம்.

அதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது, ஊரில் காத்திருந்த மனைவிமார்கள் அந்த உலகத்தில் ஏறக்குறைய இல்லை என்பது. அதை எங்கள் கூட்டத்துப் பெண்கள்தான் இட்டு நிரப்பினார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அவர் கணவர் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போய்வந்தவர். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் எதிர்வீட்டுப் பையன் வாசித்துக் காட்டுவான். “ஊர்ப் பையன் வாசிக்கப் போகிறான் என்று அவருக்குத் தெரியும் இல்லையா, அதனால் எனக்கென்று ஒரு வார்த்தை எழுத மாட்டார்” என்றார். பெரியவர்கள் நலம், பிள்ளைகள் நலம், உண்டியலில் (வங்கி இல்லாமல் வியாபாரிகள் வழியாக) அனுப்பிய தொகை, கடைசியில் யார் யாருக்கு என்ன சாமான் என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் ‘பச்சைக் கரை வைத்த கைலி, வீட்டுக்கு’ என்று இருக்குமாம். ‘வீட்டுக்கு’ என்றால் அவருக்கு. கடிதங்களில் அவர் இருந்த இடம் அவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகு வட்டத்தில் பெண்கள் பேசுவதற்கு என்று தனி வேளை ஒதுக்கினோம், ஆண்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

முதியவர்களிடம் பேச்சு வாங்குவதில் நான் கண்டது: ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் நாலு வரியில் முடித்துவிடுவார்கள். பெட்டியில் என்னென்ன வைத்துக் கட்டினீர்கள், கப்பலில் என்ன சாப்பாடு, இறங்கியதும் முதல் இரவு எங்கே படுத்தீர்கள், கடிதம் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்யும் முன் அவர்களிடமும் வீட்டாரிடமும் அனுமதி வாங்குங்கள். கடனாளி, இரண்டாம் மணம் என்று வேறு குடும்பங்களைத் தொடும் செய்தி வந்தால் பதிவை நிறுத்திவிடுவது நல்லது.

காகிதங்களைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையில் உப்புக் காற்றும் ஈரமும் தாளைத் தின்றுவிடும். தகரப் பெட்டி துருப்பிடித்து அந்தத் துரு கடிதத்தில் ஏறும். பாசத்தில் சிலர் லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைப் பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே இருக்கும் தாள் மெல்ல மெல்லப் பழுத்து உதிரும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் வேண்டாம், சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகப் படிந்து எழுத்தை மூடிவிடும். குண்டூசியையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டு, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, கெட்டி அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் பிரிக்க வேண்டாம். பங்குனி வெயில் தொடங்கியதும் நிழலில் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள், ஊரும் தேதியும் பெரும்பாலும் அஞ்சல் முத்திரையில்தான் இருக்கும். விக்டோரியாவுக்கும் ஜார்ஜுக்கும் பதிலாக வில்ஹெல்மினா ராணியின் தலை அச்சிட்ட தபால்தலையைப் பார்த்தால், அந்தக் கடிதம் டச்சு ஆட்சிப் பகுதியிலிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடலாம். அப்படித்தான் பினாங்கு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குத் தங்கள் கொள்ளுப்பாட்டனார் சுமத்ராவில் இருந்தார் என்பது தெரிந்தது. கட்டுக்கட்டாகக் கணக்குப் பேரேடுகள் வைத்திருப்பவர்கள் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விசாரித்துப் பார்க்கலாம். பழைய தமிழ் ஆவணங்களைப் பாதுகாப்பதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

புத்தகம் ஆளுக்கு ஒன்று தேவையில்லை. நாலைந்து பிரதிகள் போதும், ஒரே பதிப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்க எண் சொல்லியே நேரம் போய்விடும். நாவலின் முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. வட்டத்திலும் முன்னமே வாசித்தவர்கள் அதைச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தோம். கடைசிப் பகுதியை வாசித்த அன்று, பாண்டியன் போர் முடிந்ததும் கப்பலேறித் தன் ஊரான சின்னமங்கலத்துக்கே வந்திருக்க வேண்டும் என்று தம்மாம்காரர் அடித்துப் பேசினார். திரும்பி வந்து எங்கே உட்காருவான், எந்தக் கடையில் கணக்கு எழுதுவான் என்று அந்த அம்மா கேட்டார். நான் அம்மாவின் பக்கம். அடுத்த தடைக்காலத்தில் ‘கடலுக்கு அப்பால்’ நாவலிலிருந்து மறுபடி தொடங்குகிறோம், தம்மாம்காரர் தன் வாதத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.